பெயிண்டின் மேல் கட்டிய எர்த்

வட்டம் 16,
நெய்வேலி,
12.8.2015

பேராசிரியர் வைத்திலிங்கம் அவர்களுக்கு,

மருதாசலம் எழுதுகிறேன். நாம் சேர்ந்து செய்த ஆராய்ச்சியை உன் பெயரில் மட்டும் வெளியிட்டாய். அதன் பிறகு இருபத்தாறு ஆண்டுகளாக நான் உனக்கு எழுதவில்லை. இப்போதும் உறவு கொண்டாட எழுதவில்லை.

உன்னிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கும் எழில்மதி என் மகள். சொல்லியிருக்க மாட்டாள், சலுகை கேட்பதுபோல் ஆகிவிடும் என்று நினைப்பவள். உன்னிடம் சேர்ந்த நாள் முதல் நான் அவளிடம் பேசுவதில்லை. ஞாயிறுதோறும் அம்மாவுக்குப் போன் செய்வாள். என் மனைவி சந்திரகலா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "பேப்பர் படிக்கிறவங்க காதை மூடிக்கலாம்" என்பாள். நான் மூடிக்கொள்வதில்லை.

அடுத்த மாதம் மண்ணெண்ணெய்த் தெளிப்பை முதல்முறை பற்றவைக்கப் போகிறீர்களாம். தூவும் முனைக்கு இருபதாயிரம் வோல்ட். கல்லூரியில் நாம் செய்த அதே சோதனை. மின்னேற்றம் பெற்ற துளிகள் ஒன்றையொன்று தள்ளி, இன்னும் பொடியாக உடையும். டர்பைன் எஞ்சினில் புகை குறைந்து எரியும். எரியாத எண்ணெய் வடியும் தொட்டிக்குத் தானே எர்த் கம்பி கட்டியதாகப் போன ஞாயிறு பெருமையாகச் சொன்னாள். புதுத் தொட்டியாம், பச்சைப் பெயிண்ட் பளபளக்கிறதாம்.

அதைக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இங்கே பாய்லர் பகுதியில் சேர்ந்த புதிதில், கொளஞ்சியப்பன் என்ற கான்ட்ராக்ட் தொழிலாளி எர்த் கட்டும் முன் எண்ணெய்த் தொட்டியைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "பெயிண்டு மேலயே கட்டிகினு போனா அது துணி காயப்போடற கம்பிங்க சார், எர்த்து இல்ல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்லூரியில் அன்று நம் தொட்டிக்கு எர்த் கம்பி கட்டியவன் நான். பெயிண்டின் மேல்தான் கட்டினேன். மின்னேற்றம் இறங்க வழியில்லாமல் பொறி பறந்தது. உன் வலது கை வெந்தது. வோல்ட்டேஜை நீ கூட்டியதுதான் காரணம் என்று விசாரணையில் எழுதினார்கள். காரணம் தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. உன்மேல் இருந்த கோபம் அதற்கு வசதியாக இருந்தது. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அது வேறு கணக்கு.

என் மகள் கட்டிய கம்பியை அவிழ்த்துப் பார். இரும்பு தெரியும்வரை சுரண்டச் சொல். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். யார் சொன்னது என்று எழில்மதி கேட்டால் என் பெயரைச் சொல். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், அதையும் மறைக்காதே.

பற்றவைக்கும் அன்று அவளைத் தனியாக விடாமல் பக்கத்திலேயே நில், வைத்தி.

இப்படிக்கு,
மருதாசலம்