விநாயக்கின் இரட்டைக் குழல்

கோலார் தங்க வயல்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வாணிக்கு, மாமா மனோகர் எழுதுவது. இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்னமே சொன்னேன். நீ மஸ்கட்டுக்கு விமானம் ஏறுவதற்கு முன்பே சொன்னேன். வேண்டுமானால் உன் அத்தை பார்வதம்மாவைக் கேள். இல்லை என்பாள், அவளுக்கு ஞாபக மறதி.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் வீட்டுக்காரர் விநாயக்கின் கைக்கட்டைப் புதன்கிழமை பிரித்துவிட்டார்கள். இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். வலிக்கிறதா மாப்பிள்ளை என்றால் இல்லை என்கிறார். சோறு வைத்தால் சாப்பிடுகிறார், வைக்காவிட்டால் கேட்பதில்லை. விடிகாலை பெங்களூர் ரயில் ஊதினால் எழுந்து உட்காருகிறார், ரயில் போனதும் படுத்துக்கொள்கிறார். இன்றுவரை அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. மார்க்கெட்டுக்குப் போகிறேன், வருகிறேன்.

போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் கோட்டர்ஸ் வீட்டுச் சுவர் உனக்குத் தெரியும், இந்த ரூமில் தும்மினால் அந்த ரூமில் விழித்துக்கொள்வார்கள். இது மாப்பிள்ளை காதில் விழக்கூடாது. பக்கத்து வீட்டு ஸ்டீவன் வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறான். அவன் கையில் இதையும் அத்தை போட்ட எலுமிச்சை ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ஆயுத பூஜைக்கு மாப்பிள்ளை, காவல் வேலைக்காக இங்கிலீஷ் ஒரிஜினல் என்று நாம் வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கியைத் துடைத்து, பொட்டு வைத்து, சாமி படத்துக்குக் கீழே சாத்தினார். விபூதியும் குங்குமமும் உள்ளே கொட்டாமலிருக்க இரண்டு குழாய் வாயிலும் துணி அடைத்தார். வருஷாவருஷம் செய்வதுதான். பூஜை முடிந்ததும் இரண்டையும் எடுத்துவிட்டேன் என்றுதான் சொல்கிறார். மறுவாரம் கம்பெனியில் பண வண்டிக் காவல்காரர்கள் எல்லோரும் சுட்டுக்காட்டும் நாள். முதல் குழாய் சரியாகச் சுட்டது. இரண்டாவது, அவர் இடது கைக்கு மேலேயே கிழிந்தது. நான் மட்டும் அங்கே இருந்திருந்தால் முதல் சத்தத்திலேயே நிறுத்தியிருப்பேன்.

துப்பாக்கி விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஏழாவதோடு படிப்பு நின்றது வேறு விஷயம். சாம்பியன் ரீஃப் சுரங்கத்து வெள்ளைக்காரத் துரை தன் இங்கிலீஷ் துப்பாக்கியை என் கையில் கொடுத்து, மனோகர், சிறுத்தை வருகிறது, எனக்குக் கை நடுங்குகிறது, நீயே சுடு என்றார். துரைமார்கள் போன பிறகுதான் நீங்கள் பிறந்தீர்கள் என்று உன் அத்தை குறுக்கே பேசுவாள், அதை விடு. அந்த இரும்பே வேறு. சுண்டினால் சுரங்கத்தில் ஆட்களைக் கொண்டுபோகும் கேஜ் இறங்கும்போது அடிக்கிற மணி மாதிரி கணீர் என்னும். அதைப் பார்த்துச் செய்த டூப்ளிகேட்டைச் சுண்டினால் அலுமினியக் குண்டான் சத்தம். இங்கிலாந்து முத்திரையை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், அந்த இரும்பைக் கொண்டுவர முடியுமா?

அதனால்தான் ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளையிடம், இது டூப்ளிகேட், உங்கள் மேல் குற்றமே இல்லை என்று அடித்துச் சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை. பங்காருபேட்டையில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் ஏசுபாதத்திடமே எடுத்துக்கொண்டு போனேன். பார்த்த உடனே அவர், இன்னா மனோகர், இத்தப் போயி ஒரிஜினல்னு வாங்கிக்கினீங்களே, சுத்த டூப்ளிகேட்டு என்று தலையில் அடித்துக்கொண்டார். வந்து மாப்பிள்ளையிடம் சொன்னேன். அன்றைக்குத்தான் அவர் தூங்கினார். இன்னமும் தினம் ஒருமுறை, இன்னா மாமா, அது டூப்ளிகேட்டுதானே என்று கேட்கிறார். ஆமாம் என்கிறேன்.

நேற்று நீ போனில், நம்மிடம் அதை விற்ற ராபர்ட்சன்பேட்டை பாத்திரக்கடை துளசிராமன் மேல் மோசடி கேஸ் கொடுக்கப்போகிறேன், வக்கீலிடம் பேசிவிட்டேன், நீங்கள்தான் மாமா சாட்சி என்றாய். அந்த மனுஷன் தன் அப்பா வைத்திருந்த துப்பாக்கியைத்தான் நமக்குக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்தார். முதல் தடவை மாப்பிள்ளை மருந்து மயக்கத்தில் இருந்தார். இரண்டாவது தடவை நான் வாசலிலேயே நின்றுகொண்டு, டூப்ளிகேட்டை விற்றுவிட்டுப் பழம் வேறயா என்று நாலு பேர் எதிரில் கேட்டேன். அவர் கொண்டுவந்த பையை பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்.

வாணி, கேஸ் கொடுக்காதே. கூண்டில் ஏற எனக்குப் பயமில்லை, எப்பேர்ப்பட்ட வக்கீலையும் மடக்கிவிடுவேன். ஆனால் ஏசுபாதத்தையும் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளையும் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

ஏசுபாதம் டூப்ளிகேட் என்று சொல்லவில்லை அம்மா. அது நான் சேர்த்தது. அவர் சொன்னது இது: சரக்கு ஒரிஜினலுதான், ஆனா அத்த வச்சி ஒண்ணுமில்ல மனோகர். நல்ல கை செஞ்ச டூப்ளிகேட்டும் இதே மாதிரி சுடும். உள்ள துணி மாட்டிக்கினு இருந்தா எதுவா இருந்தாலும் கிழியும். சொல்லிவிட்டு, கம்பியால் நோண்டி, கருகின துணி நுனியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ரயிலுக்குக் காத்திருக்கும்போது அதைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டேன். உன்னைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. மாப்பிள்ளை உன்னைக் கேட்டால் நீயும் டூப்ளிகேட் என்றே சொல். சொல்லும்போது யோசிக்காமல் சொல்.

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் மாமா
மனோகர்