மேகத்தில் நங்கூரம்

மாதா துணை. இராயபுரம் அக்கா வியாகுலம்மாளுக்கு, அமெரிக்க மலையிலிருந்து தம்பி மரியநாதன். மூட்டுவலி தேவலையா? கோவில் மணிமேல் ஆணையாக, யாரும் நம்பாத கதை ஒன்று சொல்கிறேன்.

நான் கிரீஸ் பூசாவிட்டால் இந்த வானாய்வுக் கூடத்தில் தொலைநோக்கி மட்டுமல்ல, ஆகாயமே துருப்பிடித்துவிடும். போன வாரம் மேசைமேல் ஒரு வரைபடம் கிடந்தது. வளைகோடுகள், நடுவே போகப்போகப் பெரிய எண்கள். துறைமுக லாஞ்சுப் படகில் பார்த்த கடலாழப் படமென்றே நினைத்தேன்.

"இங்க ஆழம் நல்லா கீது, நங்கூரம் போட்லாம்" என்றேன்.

ஆராய்ச்சி மாணவன், திருவொற்றியூர் அருள்பிரகாசம் சிரித்தான். "மாமு, இது கடல் இல்ல, விண்மேகம். நம்பர் ஏறுனா வாயு அடர்த்தின்னு அர்த்தம். பெரிய வாயுக் கட்டிக்குள்ள சின்னக் கட்டிங்க கீது. தன் கனத்துலயே உள்ள இடிஞ்சா நட்சத்திரம். நெறைய கட்டிங்க சும்மா கலைஞ்சு பூடும்."

"எப்போ பொறக்கும்?"

"பத்து லட்சம் வருசம் ஆவும்."

அதுவரை காவலிருக்க என்னையே நியமித்துவிட்டார்கள், அக்கா. வர முடியாது. உன் மகள் ரோசி கல்யாணத்தில் தாய்மாமன் இடத்தில் சித்தப்பா மகன் லூயிஸை நிற்க வை. என் கோட்டு அவனுக்குச் சரியாயிருக்கும். கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்பு. இங்கே எதற்கும் வாசனையே இல்லை.

தபால் வண்டி வந்துவிட்டது. காவல் வேலை என் புளுகு. வர முடியாது என்பது மட்டும் நிஜம்.