இரண்டாம் கரண்டி வெடிமருந்து

போர்கோ வெக்கியோ, பலெர்மோ
ஒக்ரோபர், திங்கட்கிழமை

அன்பு மகள் டிலக்ஷிக்கு அம்மா எழுதிக்கொள்வது,

இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக முறைப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறது. நீ பர்மிங்காம் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வீட்டில் பிள்ளையாருக்கும் மலைக்கு ஏறிப்போய் சாந்தா ரொசாலியாவுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன், இரண்டு பேரில் ஒருவராவது கவனிப்பார்கள். கீழ்வீட்டு அனிற்றாவுக்குப் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம், பத்தியச் சரக்குக் கறி நான்தான் வைத்துக் கொடுத்தேன். நாளுக்கு இரண்டு தரம் போனில் கதைக்கிற அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். ரிவோல்வர் என்று நான் வாய் திறந்தவுடன், அம்மா உங்களுக்கு என்ன விசரே, அந்தக் கதை எண்டால் நான் போனை வைக்கிறன் என்று வைத்துவிடுகிறாயே, அதனால்தான். கடிதம் என்றால் நீ கோபத்தில் மேசையில் போட்டாலும் அங்கேயே கிடக்கும், பிறகு எடுத்து வாசிப்பாய், உன்னை எனக்குத் தெரியும். நீ போட்டுவிட முன்னரே சொல்லிவிடுகிறேன், நேற்று ஞாயிற்றுக்கிழமை போட்டியில் உன் அம்மா வென்றுவிட்டாள். இனி ஆறுதலாக முழுவதையும் வாசி.

இது எங்கே தொடங்கியது என்று உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. நான் பார்த்துக்கொள்கிற சின்யோரா ஸ்ரெல்லா, எழுபத்திரண்டு வயதிலும் சனிக்கிழமை தவறாமல் நகரத்துக்கு வெளியே இருக்கும் சுடும் திடலுக்குப் போய்க் கடதாசி இலக்கைச் சுடுகிறவர். இளம் வயதில் போட்டிகளில் கிண்ணமெல்லாம் வாங்கியவர். நான் அவரைக் கூட்டிக்கொண்டு போய், கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளே இருப்பேன். போன வருடம் யூலையில் சாந்தா ரொசாலியா திருவிழாவுக்கு வாணவெடி விட்டபோது வழக்கம்போல நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். நாங்கள் பலெர்மோவுக்கு வந்து பதின்மூன்று வருடம், பதின்மூன்று திருவிழாவும் எனக்குக் குளியலறைக்குள்தான். அன்றைக்குத் தரையில் இருந்துகொண்டு எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. சத்தம் எப்போது வரும் என்று தெரியாததில்தானே இவ்வளவு பயம், விரலை நானே அழுத்தினால் சத்தம் வருமுன்பே எனக்குத் தெரிந்துவிடுமே என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை காரை விட்டு இறங்கினேன்.

அதன் பிறகு டொக்ரர் சான்றிதழ், திடலில் பயிற்சிச் சான்றிதழ், கடைசியாகப் பொலிஸ் கெஸ்தூரா. வதிவிடப் பெர்மெஸ்ஸோவுக்காக விடியமுன்னம் போய் நின்று கால் கடுத்த அதே வாசலில் இந்த முறை விளையாட்டுச் சுடுதலுக்கான உத்தரவுப் பத்திரம் வாங்கப் போய் நின்றேன். யன்னலுக்குள் இருந்த பெண் என் பெயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் கடதாசியைப் பார்த்தாள். ஓம் சின்யோரா, நான்தான் என்று நிமிர்ந்து நின்றேன். பத்திரம் கிடைத்தது. ஆனால் ஒரு வெட்கக்கேட்டை உனக்கு மறைத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் விரலை அழுத்துமுன் என் கண் தானாக மூடிவிடும். கடையில் வாங்குகிற தோட்டா பலமானது, கையை உதறிக்கொண்டு மேலே தூக்கும், அந்த உதறலை எதிர்பார்த்தே கண் பொத்திக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு சுட்டால் சன்னம் எங்கே போகும் என்று அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். திடலில் ஒரு சட்டத்தரணி இருக்கிறார், பெரிய மீசை, எல்லாம் தெரிந்தவர். உங்கட நாட்டில சண்டை பாத்த ஆக்களுக்கு இது சரிவராது சின்யோரா, பேசாமல் விடுங்கோ என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். இத்தாலியனில் சொன்னதைத்தான் எழுதுகிறேன், தமிழில் சொல்லியிருந்தால் நல்ல பதில் கொடுத்திருப்பேன். அன்றைக்கே போய் ஒக்ரோபர் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். கண்ணைத் திறந்துகொண்டு முப்பது சூடு, எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சின்யோராதான் வழி சொன்னார். உதறல் குறைந்தால் கண் தானாக வழிக்கு வரும், அதனால் சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக் கோதுகளை எடுத்து வீட்டிலேயே மிதமான தோட்டாவாக நிரப்புவோம் என்றார். அதற்கான கருவியெல்லாம் அவர் மேசையில் பூட்டியபடி இருக்கிறது, அவருடைய விரல்தான் இப்போது நடுங்குகிறது. ஆகவே புத்தகத்தைப் பார்த்து அளவு சொல்வது அவர் வேலை, நிரப்புவது என் வேலை. வெடிமருந்தில் எதைத் தெரிவுசெய்வது என்பதில்தான் சிக்கல் வந்தது. அவருடைய காலஞ்சென்ற கணவர் வைத்திருந்த ஒன்று மெதுவாக எரிவது, பலமான தோட்டாவுக்குத்தான் சரி. அதைக் குறைத்துப் போட்டால் முழுவதும் எரியாமல் அரைகுறை மணிகள் கோதுக்குள் மிஞ்சும், ஒரு சூடு பலமாக, அடுத்தது நோஞ்சானாகப் போகும். சட்டத்தரணி சிபாரிசு செய்தது சட்டென்று எரிகிற நைசான மருந்து. கொஞ்சம் போட்டாலே போதும், துப்பாக்கியும் துப்புரவாக இருக்கும், இங்கே எல்லாரும் இதுதான் என்றார். சரி, எல்லாரும் என்றால் நாங்களும் அதுவே என்று வாங்கினோம்.

முதல் நாள் ஐம்பது கோதைத் துளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, தராசில் சரி பார்த்த சின்னக் கரண்டியால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டு போனேன். சின்யோரா ரோர்ச் அடித்து உள்ளே பார்த்தார், எல்லாம் அடியில் கறுப்பாகத் தெரிந்தது, சரி என்றார். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. மருந்துக் கிண்ணத்தில் மிஞ்சியிருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருந்தது, பத்துப் பேருக்குச் சோறு போடுகிறவளுக்குப் பானையைப் பார்த்தால் தெரியாதா. ஐம்பதையும் கொட்டி ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்தோம். நான்கு கோதுக்குள் இரண்டு கரண்டி இருந்தது. சின்யோராவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. இந்த மருந்தில் இரண்டு மடங்கு போனால் ரிவோல்வர் கைக்குள்ளேயே வெடித்துச் சிதறும், உன்ர விரலும் போகும் கண்ணும் போகும் என்றார். பிறகு, ஏன் போட்டாய் குகா, நித்திரையா என்று கேட்டார்.

நித்திரை இல்லை பிள்ளை. யோசித்துப் பார்த்தபோது எனக்கே விளங்கியது. நாங்கள் யாருக்காவது ஒரு கரண்டியோடு நிறுத்துகிறோமா? எவருக்குச் சோறு போட்டாலும் போதும் போதும் என்று கையால் மறைத்தாலும் இன்னொரு கரண்டி போடாமல் விடமாட்டோம், ஒன்றோடு விட்டால் அது கூடாது. பேச்சுக் கொடுத்துக்கொண்டு நிரப்பின இடத்திலெல்லாம் என் கை பழக்கத்தில் கோதுக்கும் பரிமாறிவிட்டது. இதைச் சின்யோராவுக்கு இத்தாலியனில் விளங்கப்படுத்த நான் பட்ட பாடு! விளங்கியதும் அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, பிறகு உண்மையாகவே அழுதார், என் கையைப் பிடித்துக்கொண்டு இனி இந்த வேலையே வேண்டாம் என்றார். நான் விடவில்லை. என்ர கையை மாத்த ஏலாது, மருந்தை மாத்துவம் என்றேன். இரண்டாம் கரண்டியை மறைத்துக்கொள்ளாத மருந்து ஒன்று இருக்கத்தானே வேண்டும்?

இருக்கிறது. உப்பிப் பெரிதான மணிகள், நிறை கொஞ்சம், இடம் பிடிப்பது கூட. புத்தகத்தில் அதற்கு எழுதியிருக்கிற மிதமான அளவைப் போட்டாலே கோது பாதிக்குமேல் நிறைந்துவிடும். சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே இரண்டாம் கரண்டி போட்டேன், பொங்கல் பானைபோல வழிந்து பலகையெல்லாம் கொட்டியது. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேளாதே. பிழை விட்டால் அந்த இடத்திலேயே ஊருக்குச் சொல்லுகிற மருந்து! சட்டத்தரணி அந்த டப்பாவைப் பார்த்துவிட்டு, இது கிழவிகளின்ர மருந்து, புகையும் கரியும், சீக்கிரம் முடியும் என்றார். நாங்கள் கிழவிகள்தானே, கரியைத் துடைக்கத் துணி இருக்கிறது, விரலுக்கு வேறு விரல் இல்லை என்றேன். புது மருந்திலும் பழக்கத்தில் என் கை இரண்டு தரம் தவறியது, இரண்டு தரமும் மருந்து வழிந்து காட்டிக்கொடுத்தது. அதற்குப் பிறகு நிரப்பும்போது வாய் திறப்பதில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் சத்தியம் செய்துகொண்டோம், சின்யோராவுக்கு அதுதான் பெரிய தண்டனை. சுட்டுப் பார்த்தபோது கையில் ஒரு தட்டுத்தான், உதறல் இல்லை. மூன்றாம் சனிக்கிழமை, விரலை அழுத்தின பிறகும் இலக்கு என் கண்ணுக்கு முன்னாலேயே நின்றது.

நேற்று அப்பா வந்திருந்தார். வேலை செய்கிற வியா மக்வேதா சாப்பாட்டுக் கடையில் லீவு கேட்டு, திடல் வாசல்வரை வந்து, உள்ளே வரமாட்டன், நீ போ என்று காதுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு வெளியே நின்றார். ஐந்து ஐந்தாக ஆறு முறை. முதல் ஐந்துக்கும் மீசைக்காரர் பார்க்கிறாரா என்றுதான் நினைப்பு, பொய் சொல்ல மாட்டேன். பிறகு நான் ஒன்றும் நினைக்கவில்லை, சோறு பதம் பார்க்கிற மாதிரி முன்னால் இருக்கிறதை மட்டும் பார்த்தேன். பெண்கள் பிரிவில் முதலாமிடம். அது மட்டும் இல்லை, மொத்தப் புள்ளியில் மீசைக்காரருக்கு மேலே ஒன்பது புள்ளி! வந்து கை கொடுத்தார், என்ன மருந்து அது என்று மெல்லமாகக் கேட்டார். கிழவிகளின்ர மருந்து என்றேன். சின்யோரா பக்கத்தில் நின்று தன் கிண்ணங்களெல்லாம் இன்றைக்கு வாங்கியதுபோலத் துள்ளினார். வெளியே வந்தபோது அப்பா பஞ்சை எடுத்து, முடிஞ்சுதே, எத்தினையாவது என்று கேட்டார், முதலாவது என்றேன், மனுசன் காரில் சாய்ந்துகொண்டு அழுதுவிட்டார். வீட்டுக்கு வந்து சின்யோராவையும் இருத்தி எல்லாருக்கும் கணவாய்க் கறியோடு சோறு போட்டேன், இரண்டு கரண்டி, ஒருவரும் மறுக்கவில்லை.

உன் கோபம் எனக்கு விளங்காமல் இல்லை மகள். அவ்வளவும் பட்டுவிட்டு அம்மா ஏன் அந்தச் சாமானைத் தொடுகிறாள் என்றுதான் உனக்கு. அந்தப் பதுங்குகுழிக்குள் உன்னை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். உனக்கு ஆறு வயது. பிறகு, எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது, நீங்கள் ஏன் அம்மா கண்ணை மூடினீங்கள், நான் திறந்துகொண்டுதான் இருந்தன் என்று கேட்டாய். பதினாறு வருடமாக அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. இந்தக் கடிதத்தோடு ஒரு கடதாசி வைத்திருக்கிறேன், நேற்றைய இலக்குகளில் நல்லது. சுவரில் ஒட்டச் சொல்லவில்லை, ஒருமுறை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்.

நத்தாருக்கு வர ரிக்கற்றை இப்போதே போடு, பாஸ்போட் மார்கழியில் முடிகிறது, மறந்துவிட்டு ஓடித்திரியாதே. தலைக்கு எண்ணெய் வை. நீ நினைத்ததெல்லாம் கைகூடி, நோய்நொடி அண்டாமல், நல்ல பிள்ளையாக நூறு வயது இருக்க வேண்டும். வந்தால் என்னோடு திடலுக்கு வா, வராவிட்டாலும் பரவாயில்லை, அப்பாவோடு வாசலில் நில், பஞ்சு நான் தருவேன். போனில் கேட்க வெட்கப்படுவாய் என்று நானே எழுதிவிடுகிறேன், முப்பது சூட்டுக்கும் கண் திறந்துதான் இருந்தது.

உன்னை ஒருநாளும் மறவாத
அம்மா
இ. குகனேஸ்வரி