இத்தாலித் துளசி

பாலோ, ஜோகூர்
2 ஜூன் 2024

என் வீட்டுக்காரருக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்க மாட்டேன். சமையல்கட்டில் நிற்கிற ஆள் மெலிந்துபோனதாக எந்த ஊரிலும் சேதி இல்லை. போனில் பேசினால் "ம்… ம்…" என்றே ஓட்டிவிடுகிறீர்கள். வெறும் "ம்" எழுதி ஸ்டாம்பு ஒட்ட உங்களுக்கு மனசு வராதில்லையா, அதனால்தான் கடிதம். ஆறாம் வகுப்புத் தமிழ். பிழையிருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

கப்பல் வேலைக்குப் போகிற நம்ம காளிதாஸ், உங்கள் ஊர்த் துறைமுகத்தில் நீங்கள் கொடுத்துவிட்ட விதைப் பொட்டலத்தைத் தைப்பூசத்துக்கு முன்னாலேயே கொண்டுவந்து தந்தான். கூட ஒரு வரி இல்லை. இல்லாவிட்டால் எனக்குப் புரியாதா? வாசல் துளசி பட்டுப்போனதைப் போன தீபாவளியன்று போனில் சொல்லி அழுதேன். துளசி பட்டால் வீட்டுக்காரருக்கு ஆகாது என்பார்களே. நீங்கள் "ம்" என்றீர்கள். காதில் வாங்கவில்லை என்று நினைத்தேன். வாங்கியிருக்கிறீர்கள்!

அதே மாடத்தில் போட்டேன். முழங்கால் உயரம் வந்துவிட்டது. இலை ஒவ்வொன்றும் வெற்றிலைக்குப் போட்டி. வாசனையும் ஒரு மாதிரி. இத்தாலித் துளசி, அப்படித்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிச் சுற்றி வருகிறேன். பக்கத்து வீட்டு ஜாக்லின், "யாருக்குக்கா இவ்ளோ வேண்டுதல்?" என்றாள். "இத்தாலியில ஒருத்தர் சட்டி கழுவுறார்டி, அவருக்குத்தான்" என்றேன்.

ரெண்டே பேர் இருந்த வீடு இது. ஜோகூர் பாரு சாப்பாட்டுக் கடையை மூடிவிட்டு உங்கள் இத்தாலிக்கார முதலாளி சொந்த ஊருக்குக் கிளம்பியபோது, "ஒரே வருஷம்லா" என்று அவர் பின்னாலேயே போனீர்கள். நீங்கள் இல்லாமல் மூன்றாவது தீபாவளி வரப்போகிறது. இதற்கு வருகிறேன் என்றீர்கள். வருவீர்கள்தானே?

உங்கள் தொல்லை,
பிரேமலா


ஜெனோவா
24 ஜூன் 2024

அன்புள்ள பிரேமலா,

அலமாக்! சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. அது துளசி இல்லை, பசிலிக்கோ. துளசிக்குச் சொந்தக்காரச் செடிதான், ஆனால் இங்கே அது சாமிக்கு இல்லை, சட்டிக்கு. ஆதியில் நம்ம இந்தியா பக்கத்திலிருந்து வந்தது என்கிறார் முதலாளி. இவர்கள் கொண்டாடுகிற தக்காளிகூட அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்ததாம். வந்ததையெல்லாம் தங்களுடையதாக்கிக்கொண்ட ஊர்.

செடி சாண் உயரத்தில் இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். நீ வளர்த்தது முற்றல். சலவைக்கல் உரலில் பூண்டு, கல்லுப்பு, பைன் மரத்துக் கொட்டை, செம்மறிப்பால் சீஸ், இந்த இலை எல்லாம் போட்டு மரக்குழவியால் நசுக்கி, ஆலிவ் எண்ணெய் விட்டால் பெஸ்தோ. நம்ம லெசோங் உரலில் மிளகாயும் இறால் பெலாச்சானும் போட்டுச் சம்பால் இடிக்கிற அதே கைப்பாங்குதான். முதலாளி என்னைத் தவிர வேறு யாரையும் உரலைத் தொட விடுவதில்லை. நீயும் செய்து பார் என்றுதான் விதை அனுப்பினேன்.

நம்ம துளசி பட்டுப்போச்சா? எப்போது? நீ சொல்லவே இல்லையே.

தீபாவளி நேரத்தில் இங்கே ஆள் பற்றாது. அடுத்த சித்திரைக்குப் பார்ப்போம்.

ஹேமநாதன்


பாலோ
13 ஜூலை 2024

சட்னி அரைக்கிற மகராசாவுக்கு,

இத்தனை மாசமாக ஒரு சட்னிக்கு விளக்கேற்றியிருக்கிறேன்! ஜாக்லினிடம் சொன்னேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், அவ்வளவு சிரிப்பு. "பறிச்சுக் குடுக்கா, மீ கோரெங்ல போட்டுர்றேன்" என்றாள். மாதா கோயிலுக்குப் போகிறவள், அவளுக்கென்ன. சுற்றிவந்து கும்பிட்ட செடியை நான் எப்படி அரைப்பேன்? அவளையே பிடுங்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு மாடத்தைக் கழுவிவிட்டேன்.

சிரித்து முடித்தபிறகு உங்கள் கடிதத்தை மறுபடியும் படித்தேன். நான் சொன்னேன். புதுச்சேலை கட்டி, வாசலில் நின்று, தெளிவாகச் சொன்னேன். அந்த விதையை வைத்துக்கொண்டு, மனுஷன் கேட்டுத்தான் இருக்கிறார் என்று நானே பேசி நானே சிரித்துக்கொண்டிருந்தேன். துளசி இல்லாவிட்டால் போகட்டும். அந்த நினைப்பு போனதுதான் வீட்டைப் பெரிசாக்கிவிட்டது.

சண்டை போடவில்லை. அடுத்த கடிதத்தில் சாப்பாட்டை விட்டுவிட்டு என்னைப் பற்றி ஏதாவது ஒன்று கேளுங்கள். முட்டிவலி எப்படி என்றால்கூடப் போதும். விடையைச் சொல்லிக்கொடுத்தே பரீட்சை வைக்கிறேன்: முட்டி வலிக்கிறது.

பிரேமலா


ஜெனோவா
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பிரேமலா,

கோபம் வேண்டாம். இங்கே ஓர் அதிசயம். கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் எண்ணெயும் சேர்த்து, அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் வைக்கிறார்கள். பெயர் ஃபரினாத்தா. அந்தக் காலத்தில் புயலில் மாட்டிய கப்பலில் மாவு மூட்டையும் எண்ணெய்ப் பீப்பாயும் உடைந்து கடல்தண்ணீரோடு கலந்துவிட்டனவாம். பசி தாங்காமல் அந்தக் கூழை வெயிலில் காயவைத்துத் தின்றார்களாம், அதிலிருந்து வந்ததாம். நிஜமோ பொய்யோ, ருசி நிஜம். நம்ம பஜ்ஜிக்கு அண்ணன்.

முதலாளி இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன், சொல்லிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹேமநாதன்


தங்காக்
5 நவம்பர் 2024

அன்புள்ள ஹேமநாதன் அவர்களுக்கு,

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதற்குக் கோபிக்காதீர்கள். எழுதிப் பார்த்தேன், வந்துவிட்டது.

பாலோ வீட்டைப் பூட்டிச் சாவியை ஜாக்லினிடம் கொடுத்திருக்கிறேன். இங்கே ஒரு துணிக்கடையில் சேலை மடிக்கிறேன். வேலை பிடித்திருக்கிறது. நாள் முழுக்க யாராவது ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "அக்கா, எனக்கு இந்தக் கலர் எடுக்குமா?" "துவைச்சா சாயம் போகுமா?" தீபாவளிக்கு முந்தின நாள் ஒரு பொண்ணு பையை வாங்கிக்கொண்டு, "நீங்க எந்த ஊருக்கா? தீபாவளிக்கு யார் கூட இருப்பீங்க?" என்று கேட்டாள். மடித்து வைத்த சேலையைப் பிரித்து மறுபடியும் மடித்தேன்.

மாடியில் ஒரு வாடகை அறை. கீழ்வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் பேசுவது கேட்கும். அவர்கள் சிரித்தால் நானும் இங்கிருந்தே சிரித்துவைக்கிறேன், எதற்கென்று தெரியாமல்.

உறையில் என் முகவரி இல்லை. மறந்துவிடவில்லை. போன் எண் அதேதான். கேட்டால் தருகிறேன்.

பிரேமலா