நாலு வீதியும் எட்டு கிலோவும்

12 ஜூலை 2010
புதுச்சேரி டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கிட்னி பொருந்துது சார், நீங்கதான் பொருந்தல" என்றார். எடை அதிகம், சர்க்கரை எல்லையில் நிற்கிறது. எட்டு கிலோ குறைத்தால்தான் என் கிட்னியை அக்காவுக்கு வைப்பாராம். குறைப்பேன். முப்பத்தொன்பது வயதில் என் சொந்தத் தொந்தியிடம் தோற்பதா?

திரும்பும் வழியில், கடலூரில் நெல்லிக்குப்பம் பஸ்ஸுக்கு மாற இறங்கும்போது, கூட வந்த அக்கா புருஷன் அன்பரசு மாமா, "மச்சான், ஒன்னால ஆவும்ல?" என்றார். யாரிடமும் எதுவும் கேட்காத மனுஷன்.

15 ஜூலை
விடியலில் எங்கள் ஊர்க் கோயிலைச் சுற்றியிருக்கும் நாலு வீதியில், கீழவீதியிலிருந்து ஓட ஆரம்பித்தேன். தெற்கு வீதி வருவதற்குள் நுரை தள்ளிவிட்டது. பூக்கடைக்காரர், "இன்னா சார், பஸ்ஸ உட்டுட்டீங்களா?" என்றார்.

9 ஆகஸ்ட்
வாரம் மூன்று நாள் போதும், ஓட்டமும் நடையுமாகப் போங்கள் என்றார் டாக்டர். ஒன்றரை கிலோதான் இறங்கியிருக்கிறது. இந்த வேகத்தில் போனால் தீபாவளியும் தாண்டிவிடும். இனி தினமும் ஓட்டம். ஓய்வாம் ஓய்வு! டயாலிசிஸ் மெஷினுக்கு முன்னால் படுத்திருப்பவளுக்கு ஓய்வா கொடுக்கிறார்கள்?

27 ஆகஸ்ட்
இடது முழங்காலின் வெளிப்பக்கம் சுருக் சுருக்கென்று குத்துகிறது. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி வாயில் போடப் போனேன். சட்டென்று ஞாபகம் வந்தது. வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும், தொடவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சாக்கடையில் எறிந்தேன்.

பயமா இருக்கு. கால் போச்சுன்னா எடை எறங்காது. எடை எறங்கலன்னா அக்கா — வேண்டாம், எழுத மாட்டேன்.

30 ஆகஸ்ட்
கடலூரில் பிசியோதெரபிஸ்ட் சத்யப்பிரியாவைப் பார்த்தேன். சின்னப் பெண், ஆனால் கறார்.

"எங்க ஓடறீங்க?"

"நாலு வீதியில, கோயில சுத்தி."

"எந்தப் பக்கமா?"

என்ன கேள்வி இது! "வலமாத்தாம்மா. வேற எப்படிச் சுத்துவாங்க?"

சிரித்துவிட்டார். ரோடு நடுவில் மேடு, ஓரம் சரிவு. இடது ஓரமாகவே தினமும் வலம் வந்தால், இடது கால் மட்டும் எப்போதும் சரிவில் இறங்குமாம்.

"ஒரு நாள் வலது, ஒரு நாள் இடதுன்னு சுத்துங்க சார்."

"எங்க ஊர்ல மாடுகூட அப்படிச் சுத்தாதும்மா."

"அப்ப நேர் ரோட்டுல போயி, அதே ஓரமா திரும்பி வாங்க, சரிவு ரெண்டு காலுக்கும் சமமாயிடும். ஒரு நாள் ஓடுனா மறுநாள் ஓடக் கூடாது. ஓடும்போது பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். இப்ப ரெண்டு வாரம் வெறும் நடைதான்."

14 செப்டம்பர்
ஊருக்கு வெளியே நேராகப் போகும் கீரப்பாளையம் ரோடு. கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. வலி இல்லை. யாருடன் பேசிப் பார்ப்பது? வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே ஓடினேன். பதினாறாம் வாய்ப்பாட்டில் மூச்சு வாங்கவில்லை, தப்புதான் வந்தது.

21 செப்டம்பர்
ஓய்வு நாள். ஓடுவதைவிட இதுதான் கஷ்டம்.

20 அக்டோபர்
கால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. சத்யப்பிரியாவைக் கேட்டுக்கொண்டு வாரத்தில் நான்காவது நாளையும் சேர்த்தாயிற்று. பேண்ட் இடுப்பில் நிற்க மறுக்கிறது.

அக்கா போன் செய்தாள். "எனக்காவ ஓடி ஓடி துரும்பாயிடாதடா. ஒனக்கும் குடும்பம் இருக்குது. வேணாம், உட்டுடு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ சும்மா இருக்கா. என்ன இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்சப்ப நான் வேணாம்னு சொன்னனா?" அழுதாளா சிரித்தாளா, தெரியவில்லை. ஆனால் அதற்கப்புறம் விடு என்று சொல்லவில்லை.

6 டிசம்பர்
எட்டரை கிலோ! சர்க்கரையும் இறங்கிவிட்டது. டாக்டர் தேதி கொடுத்துவிட்டார்.

4 பிப்ரவரி 2011
ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. தையல் இடம் இருமினால் இழுக்கிறது. மெதுவாக நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். தெருமுனை வரை போய் வந்தேன்.

மத்தியானம் அக்கா போனில் வந்தாள். கிட்னி வேலை செய்யாததால் இரண்டு வருடமாகத் தண்ணீரை அளந்து குடித்தவள். "டேய், நெறைய தண்ணி குடிக்கச் சொல்லிட்டாரு டாக்டரு. காலையிலேர்ந்து மூணு சொம்பு ஆச்சு. ஒங்க மாமா பக்கத்துல ஒக்காந்து நான் குடிக்கறதயே பாத்துக்கினு இருக்காரு."

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். "இரு, இன்னொரு சொம்பு குடிச்சிட்டு வரேன்" என்று போனை வைத்துவிட்டாள்.