நீல நூல் கட்டிய பால் சட்டி

அக்கா,

பிள்ளைகளின் புதினத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நீங்கள் முதலில் கேட்பதும் அதுதானே. மூத்த பேரன் இப்போது கண் டாக்டர். அவன் தங்கை கணக்காளர் சோதனை எல்லாம் ஒரே தடவையில் பாஸ். கடைசிப் பேத்தி சட்டத்தரணி. எங்கள் எட்மண்டன் வீட்டுச் சுவரில் பட்டமளிப்புப் படம் மாட்ட இனி இடமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேரப்பிள்ளைகள்!

அந்தச் சட்டத்தரணிதான் போன கிழமை வேலையால் வந்த பசியில், உங்கள் பால் சட்டியில் ஆட்டிறைச்சிக் கறியைச் சூடாக்கிவிட்டாள்.

உங்கள் மகள் ஞாயிற்றுக்கிழமை வந்து புது வீட்டுக்கு எடுத்துப்போக இருந்தாள் என்று, துணி சுற்றி மேல் தட்டில் வைத்திருந்ததை நான்தான் இறக்கித் துடைத்து வைத்தேன். கடைக்குப் போய் வருவதற்குள் வாசல்வரை கறி மணம். பிடியில் நீங்கள் கட்டிய நீல நூலிலும் எண்ணெய்.

"கழுவினால் போயிடும்தானே, அம்மம்மா?" என்றாள்.

"சட்டம் படிச்ச பிள்ளைக்குச் சட்டியின்ரை சட்டம் தெரியேல்லை" என்றேன்.

உங்கள் குசினிக்குள் நான் முதன்முதல் வந்த நாள் நினைவிருக்கிறதா? சிவப்பு நூல் இறைச்சிக்கு, நீல நூல் பாலுக்கு, இரண்டும் ஒருநாளும் சேரக்கூடாது என்று, பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெல்லச் சொன்னீர்கள். நான் உங்களை என் வீட்டுக்குக் கூட்டிவந்து காட்டினேன்: மேலே சைவச் சட்டிகள், கீழே மீன், இறைச்சி காய்ச்சும் மச்சச் சட்டிகள். நீங்கள் கதிரையில் இருந்து சிரித்த சிரிப்பு! உங்கள் யூதச் சட்டம் வேறு, எங்கள் சட்டம் வேறு. ஆனால் அதன்பிறகு நீங்கள் எனக்கு ஒன்றும் விளக்கவில்லை. நானும் உங்களைச் சோறு சாப்பிடக் கேட்கவில்லை. முழு ஆப்பிளும், கண்ணாடிக் கிளாசில் பால் விடாத தேத்தண்ணியும் போதுமாக இருந்தது.

ஒருநாள் உங்கள் பூச்சாடியில் ஒரு கத்தி குத்தி நின்றது. சீஸ் வெட்டும் கத்தியால் யாரோ கோழி வெட்டிவிட்டார்களாம். உங்கள் அம்மா செய்வதுபோல் மண்ணில் நட்டிருந்தீர்கள். "தண்டனை இல்லை, இளைப்பாறட்டும்" என்று சொல்லிவிட்டு, உங்கள் மதகுரு ராபிக்குப் போன் எடுக்க உள்ளே போனீர்கள்.

பிறகு உங்களைக் கொண்டுபோன நோய் வந்தது. ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் மாறிப் பராமரிக்க வந்தார்கள். நீங்கள் வேலிக்கு மேலால் அந்தச் சட்டியை நீட்டினீர்கள். "இவர்களுக்கு விளங்காது. உனக்குச் சொல்லத் தேவையில்லை" என்றீர்கள்.

அந்தச் சொல்தான் என்னை இருக்கவிடவில்லை, அக்கா. கறி பட்ட சட்டியைப் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளத்தது. முகர்ந்தேன், மணமில்லை. நூலையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கட்டினேன். "சொல்லாட்டி ஆருக்கம்மா தெரியப்போகுது?" என்றாள் என் மகள். படுத்தால் எழும்பினேன், இருந்தால் நடந்தேன். குசினிக்குப் போய்ப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தேன். பூச்சாடியைக்கூடப் போய்ப் பார்த்தேன். சட்டியை எப்படி நடுவது?

சனிக்கிழமை உங்கள் ஓய்வுநாள், உங்கள் மகள் போன் தொடமாட்டாள். அதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை மத்தியானம், எனக்குத் தெரிந்த இங்கிலீசில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அழப்போகிறாளோ என்று பயந்தேன். அவள் கேட்டாள், அம்மா இருந்திருந்தால் என்ன செய்திருப்பா என்று.

"முதலில் ஏசியிருப்பா. பிறகு ராபிக்குப் போன் எடுத்திருப்பா" என்றேன்.

அவளும் அந்த ஒழுங்கிலேயே செய்தாள். கொஞ்சம் ஏசினாள். பிறகு ராபியைக் கேட்டாள். முழு உலோகச் சட்டி, ஒரு நாள் சும்மா வைத்துவிட்டுக் கொதிநீரில் அமிழ்த்தி எடுக்கலாம் என்றாராம். ஞாயிறு வந்து கொண்டுபோனாள். பேத்திதான் காருக்குத் தூக்கிப்போனாள், இரண்டு கையாலும்.

எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. கொதிக்க வைத்தாளா? நூல் தாங்கியதா? புது வீட்டில் முதலில் பால் காய்ச்சுவது எங்கள் வழக்கம். உங்கள் சட்டியில் பால் பொங்கும்போது ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். சுவரில் சட்டத்தரணியின் படத்தைக் கழற்றி, ஆணியை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

போனில் அனுப்பினால் எனக்கு மாட்டத் தெரியாது. நீங்களும் ஒருமுறை உங்கள் மகளுக்கு நினைவுபடுத்துங்கள், அக்கா, படத்தைத் தபாலில் போடச் சொல்லி.