தொட்டிக்கு அடியில் எரியும் விளக்கு

போவென், குவீன்ஸ்லாந்து
ஜூன் 9

அன்புள்ள டேரன்,

நீயும் பெட்ராவும் சுகம்தானே. ஹோபார்ட்டில் இந்நேரம் மலைமேல் பனி விழுந்திருக்கும், காதை மூடாமல் வெளியே போகாதே, சின்ன வயதிலிருந்தே உனக்குக் குளிர் காது வழியாகத்தான் ஏறும். நான் நன்றாக இருக்கிறேன், படி இறங்கும்போது முழங்கால் மட்டும் முனகுகிறது. என் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு அத்தனை தூரம் வந்து நான்கு இரவு தங்கினாய், நான்கு காலையும் நான் எழுவதற்குள் தேநீர் போட்டு மேசையில் வைத்திருந்தாய். அதைப் பந்து உருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப்பில் நான் சொல்லாத ஆளில்லை. பக்கத்து வீட்டு மெர்வ்கூட, "போதும் நோரீன், உன் பையன் டீ போட்ட கதையக் கேட்டுக் கேட்டு எனக்கே வயிறு ரொம்பிருச்சு" என்றார்.

நீ கிளம்பிய மறுநாள் நடந்ததைத் தொலைபேசியில் பாதிதான் சொன்னேன், அதற்குமேல் கேட்க உனக்குப் பொறுமை இல்லை. காலையில் வந்து பார்க்கிறேன், கடல்மீன் தொட்டித் தண்ணீர் பால் கலந்தாற்போல் வெளுத்துக் கிடக்கிறது. அடியில் இருக்கும் சின்னத் தொட்டியில் பச்சைப்பசேலென்று இருந்த பாசி கண்ணாடிபோல் வெறுங்கூடாய் நிற்கிறது. கோமாளி மீன் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றுக்குத் தவிக்கின்றன. மெர்வ் பனியனோடு ஓடிவந்து, தூண்டிலுக்கான இறாலை உயிரோடு வைத்திருக்கும் காற்றுக்குழாயைத் தொட்டிக்குள் விட்டார். தண்ணீர் மாற்றலாமென்று அவர் வண்டியில் படகுத்துறைக்குப் போனால் கடல் வற்றிக் கிடந்தது, வற்றின தண்ணீர் சேறாக இருக்கும், எடுக்க முடியாது. ஏற்றம் வரும்வரை காத்திருந்து ஆறு கேன் பிடித்துக்கொண்டு வருவதற்குள் கோமாளி மீன் இரண்டும் போய்விட்டன, நீல மீனும் போய்விட்டது. பதினொரு வருஷம் என் விரலிலிருந்து தின்ற மீன்கள், எலுமிச்சை மரத்தடியில் புதைத்தேன்.

அன்று மாலை நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா. "நான்தான் அப்பவே சொன்னேனேம்மா, ஸ்கிம்மர் இல்லாத தொட்டி என்னிக்காவது கவுத்துரும்னு. உனக்கு வயசாயிருச்சு, முடியல, ஒத்துக்கோ" என்றாய். நான் ஒத்துக்கொண்டேன் டேரன், அதுதான் வெட்கம். ஒரு சனிக்கிழமை தண்ணீர் மாற்ற மறந்தேனோ, இரண்டு தடவை தீனி போட்டேனோ என்று மூன்று நாள் தொட்டிக் கணக்கு எழுதும் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அடுத்த வாரம் வீட்டை விற்கும் பத்திரத்தை அனுப்பினாய், உன் வீட்டுப் பக்கத்திலுள்ள முதியோர் இல்லத்துப் படத்தையும் கூடவே வைத்திருந்தாய். ஒரு தொட்டியையே பார்த்துக்கொள்ள முடியாதவள் வீட்டை எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று துண்டுச்சீட்டு வேறு. பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன், பொய் சொல்லவில்லை.

அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் அந்த ஸ்கிம்மர் இல்லாமல் பதினான்கு வருஷம் ஓட்டினேன். மூன்றே மீன், நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி, சனிக்கிழமை தவறாமல் இரண்டு கேன் கடல்நீர். மிச்ச அழுக்கை அடித்தொட்டியில் இருக்கும் பாசி தின்றுவிடும், வாரம் ஒரு பிடி பிடுங்கி எறிந்தால் அழுக்கும் அதோடு போய்விடும். ஆனால் அந்தப் பாசிக்கு இரவும் பகலும் விளக்கு எரிய வேண்டும். அப்படியே பழகிய பாசி, விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் தின்றதையெல்லாம் ஒரே மூச்சில் கக்கிவிட்டுச் செத்துப்போகும். புயலில் ஐந்து நாள் கரண்டு இல்லாதபோது மெர்வ் வீட்டு ஜெனரேட்டரில் அந்த விளக்கைத்தான் எரித்தோம், ஐஸ்பெட்டியில் இருந்த இறைச்சியை நாய்க்குப் போட்டோம். நீ வந்த முதல் நாள் சோபாவில் படுத்து வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்றாய், நான் இதையெல்லாம் சொல்லி, தொட்டியடி அலமாரிக் கதவு இடுக்கில் தொங்கவிட ஒரு துண்டும் கொடுத்து, விளக்கை மட்டும் தொடாதே என்று கரடியாய்க் கத்தினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெட்ரா கூப்பிட்டாள். பேச்சுவாக்கில், "அந்த வெளிச்சத்துல அவருக்குத் தூக்கமே வரலியாம் அத்தை. நல்லவேளை, நீங்க படுத்தப்புறம் அணைச்சுட்டு, நீங்க எழுந்திரிக்கறதுக்குள்ள திரும்பப் போட்டுட்டாராம், கில்லாடி" என்று சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவளோடு சண்டைக்குப் போகாதே. நான் அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேன்.

பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள், அந்தப் பழியை என் வயதின்மேல் போட்டாயே. தூக்கம் வராமல் அணைத்தாய், அதை அன்றே சொல்லியிருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு, செத்த மீன்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, என்னை எனக்கே ஆகாதவளாக்கப் பார்த்தாய். பத்திரத்தைக் கையெழுத்துப் போடாமல் இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். துறைமுகத்தில் ஒருவர் புதுப் பாசி ஒரு பிடி கொடுத்தார். தொட்டிக்குள் சாகாமல் சுருண்டு கிடந்த தோல்பவளம் நேற்று ஒரு ஓரத்தில் மட்டும் விரல் நீட்டியிருக்கிறது. விளக்கு எரிகிறது.

நீ நோய்நொடி இல்லாமல் இரு, பெட்ராவை நல்லபடியாக வைத்துக்கொள், உன்னைப் பெற்றவள் இதைத் தவிர வேறு என்ன கேட்கப்போகிறேன். காது டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே. இனி வந்தாலும் அதே சோபாதான், அதே வெளிச்சம்தான், கூசினால் கடற்கரையில் மோட்டல் இருக்கிறது. மீன்களை நினைத்து அழுது முடித்துவிட்டேன். எனக்கு முன்னால் நீ எழுந்தது எதற்கென்று தெரிந்த பிறகு அந்த நான்கு தேநீரைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. கிளப்பில் எல்லாரும் இன்னும் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள், நானும் ஆமாம் என்றுதான் சொல்கிறேன்.

உன் அம்மா,
நோரீன்